மரண உதவிச் சங்கத்துக்கு வாங்கின காப்புறுதி: கொரோனாவில் எது கை கொடுத்தது, எது கை விரித்தது

நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. முகவர் எங்கள் ஊர்ப் பெடியன். அவனுடைய அம்மாவும் சங்கத்தில் உறுப்பினர். நாளைக்கு ஒரு செத்த வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டும். அதோடு நான் சொல்லப்போகும் குறையில் பாதி அந்த ஒரு நிறுவனத்தின் குறையே இல்லை, அது எனக்கு விளங்கவே ஒன்றரை வருடம் போனது.

ஊர், இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், ஆரையம்பதிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் நடுவில், கல்முனை வீதியோரம். சங்கத்தில் 210 குடும்பம். குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் சந்தா. ஒரு வீட்டில் மரணம் நடந்தால் 25,000 ரூபாய் காசு கையில், பந்தல், 150 பிளாஸ்டிக் கதிரை, தண்ணீர்த் தாங்கி, ஜெனரேட்டர், லைட் செட் எல்லாம் இலவசம். இதே சாமானைக் கலியாண வீட்டுக்கும் பூப்புனித வீட்டுக்கும் வாடகைக்குக் கொடுப்போம், அந்த வாடகையில்தான் மண்டபத்தின் கரண்ட் பில்லும் காவலாளியின் சம்பளமும் போகிறது. 2017 இலிருந்து நான் பொருளாளர். பொருளாளர் என்றால் பெரிய பதவி என்று நினைக்காதீர்கள், சந்தா கட்டாத வீட்டு நாய்க்கு முதலில் பயப்படுகிறவன் பொருளாளர்.

காப்புறுதி வாங்கவேண்டும் என்ற யோசனை எங்களுக்கு வந்தது 2019 இல். அந்த வருடம் ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, நாலு பேர் கூடுகிற எந்த இடத்துக்கும் பொறுப்பாக இருக்கிறவனுக்குத் தூக்கம் இல்லை. கூட்டத்தில் ஒருவர் எழும்பி, எங்கள் மண்டபத்தில் ஏதும் நடந்தால் யார் தலையில் விழும் என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. வயதானவர்கள் 1978 சூறாவளியில் பழைய மண்டபத்துக் கூரை பறந்த கதையைத் தொடங்கினார்கள், அதற்குப் பிறகு 2004 இல் கடல் வந்த கதை. அந்த இரண்டு தரமும் சங்கத்துக்கு ஒரு சதம் காப்புறுதி இல்லை. சரி, இந்த முறையாவது எடுப்போம் என்று தீர்மானம் போட்டோம். குண்டுக்குப் பயந்து எடுத்த பொலிசி அது. வந்தது கிருமி.

எங்களுக்குத் தந்த காப்புறுதிப் பொதியில் என்ன இருந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மண்டபத்துக்கும் களஞ்சிய அறைக்கும் தீ, புயல், வெள்ளம். சாமானுக்குக் களவு. நான் வங்கிக்குக் கொண்டுபோகும் காசுக்கு ஒரு சின்னப் பாதுகாப்பு. மண்டபத்தில் வெளியாள் யாருக்காவது காயம் பட்டு வழக்குப் போட்டால் பத்து இலட்சம் வரை பொதுப் பொறுப்புக் காப்பு. தொண்டர்கள் பதினைந்து பேருக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி, மரணத்துக்கு ஐந்து இலட்சம், வேலைக்குப் போக முடியாத காயத்துக்குக் கிழமைக்கு 3,000 ரூபாய். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் மேலதிகமாகச் சேர்த்தது. இந்த மேலதிகம் உண்மையில் அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினூடாக வருவது, தனியார் நிறுவனங்கள் தனியே சுமக்க விரும்பாத ஆபத்து என்பதால். இந்த விஷயத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு இதற்கு வருகிறேன். 2020 பெப்ரவரிப் புதுப்பிப்புக்கு வரியோடு 41,500 ரூபாய் கட்டினோம்.

மார்ச் 20 இல் ஊரடங்கு.

முதல் இரண்டு கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தோம். மூன்றாம் கிழமை கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று தெரியவந்தது. சங்கத்துக் காசிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பின காசிலும் அரிசி, மா, பருப்பு, சீனி, தேயிலை கட்டி உலருணவுப் பொதி கொடுக்கத் தொடங்கினோம். பிரதேச செயலகத்தினூடாக ஆறு பேருக்கு ஊரடங்கு அனுமதி கிடைத்தது. ஒரு நாள் பின்னேரம் பொதியை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு போன எங்கள் பெடியன் ஒருவன், வெறும் வீதிதானே என்று கொஞ்சம் விசையாகப் போயிருக்கிறான், வீதி வெறுமையானால் நாய் எல்லாம் நடு வீதியில் படுக்கும் என்பதை மறந்துவிட்டான். இடது கை மணிக்கட்டு முறிந்தது. பருப்பெல்லாம் தாரில் கொட்டி, அதைப் பொறுக்க வந்த காகத்தைத் துரத்திக்கொண்டு ஒற்றைக் கையோடு நின்றான்.

காப்புறுதிக்காரரைப் பாராட்டவேண்டிய இடம் இதுதான். முகவரிடம் தொலைபேசியில் சொன்னேன், வட்சப்பில் எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரித் துண்டும் அனுப்பினேன், மூலப் பிரதியை ஊரடங்கு தளர்ந்த பிறகு தந்தால் போதும் என்றார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: அனுமதிப் பத்திரத்தில் அவன் பெயர் இருக்கிறதா? இருந்தது. ஊரடங்கில் அனுமதி இல்லாமல் வெளியில் போய் விழுந்திருந்தால் அது சட்டத்துக்கு மாறான செயலின்போது நடந்த விபத்து, ஒரு சதமும் வராது. ஏழு கிழமைக்கு 21,000 ரூபாய் அவன் கணக்குக்கு வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் கூட்டத்தில் காப்புறுதிக்கு முதன்முதலாகக் கை தட்டினார்கள். அந்த ஆறு பேர் பட்டியலை எழுதும்போது அவன் பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்று நாங்கள் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தது எனக்கு மட்டும் ஞாபகம் வந்தது.

இதில் இன்னொன்று. காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பதால் 1934 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அவருக்குப் பொருந்தும் என்று சொன்னார்கள். தொண்டனுக்குச் சம்பளம் இல்லை, அவன் தொழிலாளி இல்லை, அந்தச் சட்டமும் இல்லை. தொண்டு வேலைக்குப் போகிறவனுக்கு விபத்துக் காப்புறுதியைத் தனியாக எடுக்காவிட்டால் அவன் விழுந்தால் விழுந்ததுதான்.

அடுத்தது எலி. மண்டபம் மூடிக் கிடந்த மாதங்களில் எலி உள்ளே போய் அம்ப்ளிஃபயரின் வயரையும் லைட் செட்டின் வயரையும் தின்றுவிட்டது. 60,000 ரூபாய்ச் சாமான். எலி, கறையான், கறள், தேய்மானம் எதுவும் சேராது என்று பதில். இதில் எனக்குக் கோபம் இல்லை, எலிக்குக் காப்புறுதி கொடுக்கிற நிறுவனம் கிழக்கு மாகாணத்தில் ஒரு வருடம் தாங்காது. ஆனால் அந்தக் கடிதத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது: கட்டடம் தொடர்ச்சியாக 30 நாட்களுக்கு மேல் ஆட்புழக்கம் இல்லாமல் இருந்தால், அறிவிக்காத பட்சத்தில், களவுக் காப்பு செல்லாது. அரசாங்கமே மூடு என்று சொல்லி மூடின மண்டபத்துக்கு இது எப்படி? கேட்டேன். மூடினது யார் என்பது அவர்களுக்குத் தேவை இல்லை, ஆள் இல்லை என்பதுதான் தேவை. உடனே கடிதம் எழுதினோம், காவலாளி ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கிறார், உலருணவுப் பொதி அங்கேதான் கட்டுகிறோம் என்று. ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் நல்ல காலத்துக்குக் களவு ஒன்றும் போகவில்லை. அந்தக் கடிதம் எழுதாமல் இருந்து களவு போயிருந்தால் நான் இந்த விமர்சனத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இனி வாடகை. பங்குனியிலிருந்து ஆவணி வரை ஒரு கலியாணம் இல்லை, ஒரு திருவிழா இல்லை, சாமான் வாடகை சுத்தமாக நின்றது. கொழும்பில் வேலை செய்யும் ஒரு தம்பி, வருமான இழப்புக்கும் காப்புறுதி இருக்கிறது அண்ணன், கேட்டுப் பாருங்கள் என்றான். கேட்டோம். வருமான இழப்பு என்பது தீ பிடித்தோ கூரை பறந்தோ சொத்துக்குச் சேதம் வந்து, அதனால் வருமானம் நின்றால்தான் என்று பதில். எங்கள் கதிரை எல்லாம் புதுக்கதிரை மாதிரி அடுக்கி இருக்கிறது, அதில் இருக்கத்தான் ஆள் இல்லை. சேதம் இல்லை, ஆகவே இழப்பு இல்லை. அகராதியில் இல்லாத இந்தத் தமிழை நான் மூன்று தரம் வாசித்தேன்.

இதே சண்டை பிரித்தானியாவில் பெரிய வழக்காகப் போனது. அங்கே சில பொலிசிகளில், உங்கள் இடத்திலிருந்து 25 மைல் சுற்றளவுக்குள் அறிவிக்கவேண்டிய தொற்றுநோய் ஒன்று வந்து வியாபாரம் தடைப்பட்டால் பணம் தருவோம் என்று எழுதியிருந்தது. கொரோனா வந்ததும் நிறுவனங்கள், நாட்டையே மூடினது உங்கள் 25 மைலுக்குள் வந்த நோயாளியால் இல்லை, அவர் இல்லாவிட்டாலும் மூடியிருப்பார்கள் என்று வாதாடின. அங்கே காப்புறுதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை அதிகாரசபையே எட்டு நிறுவனங்களின் 21 விதமான பொலிசி வாசகங்களை மாதிரிக்கு எடுத்து வழக்குப் போட்டது. 2021 ஜனவரி 15 இல் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் பொலிசிக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: நாட்டில் வந்த ஒவ்வொரு நோயாளியும் அந்த மூடலுக்குச் சமமான காரணம், உங்கள் வட்டத்துக்குள் ஒருவர் இருந்தாலே போதும். எங்கள் ஊரிலிருந்து 25 மைல் என்றால் ஒரு பக்கம் மட்டக்களப்பு நகரும் மறுபக்கம் கல்முனையும் உள்ளே வந்துவிடும், நோயாளிக்குப் பஞ்சமே இருந்திருக்காது. ஆனால் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு இங்கே ஓட முடியாது. அவர்கள் பொலிசியில் அந்த வரி இருந்தது, எங்கள் பொலிசியில் இல்லை. விம்பிள்டன் டெனிஸ்காரர் 2020 போட்டியை நிறுத்திப் பத்துக் கோடி பவுண்ஸுக்கு மேல் வாங்கினார்கள் என்று செய்தியில் வந்ததே, அவர்கள் 2003 சார்ஸுக்குப் பிறகு வருடா வருடம் தொற்றுநோய்க்கென்று தனியாகக் கட்டி வந்தவர்கள். நாங்கள் வெள்ளத்துக்கும் குண்டுக்கும் கட்டி வந்தவர்கள்.

என் உண்மையான முறைப்பாடு 2021 புதுப்பிப்பில்தான். 2020 நவம்பர்க் கடைசியில் அக்கரைப்பற்றில் கொத்தாக நோயாளிகள் வந்து அந்தப் பக்கம் முடக்கப்பட்டபோது என் தங்கச்சி குடும்பம் அதற்குள் மாட்டிக்கொண்டது, ஆகவே பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பெப்ரவரியில் முகவர் வந்து, தொண்டர்களுக்குக் கொவிட் ஆஸ்பத்திரிக் காசு என்று ஒரு மேலதிகம் இருக்கிறது, ஆளுக்கு 900 ரூபாய், ஆஸ்பத்திரியில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2,000 ரூபாய், பதினாலு நாள் வரை என்றான். வாங்கினோம். பதினைந்து பேருக்கு 13,500 ரூபாய். அதோடு வந்த தமிழ்த் தாள் இரண்டு பக்கம், வடிவான படம் போட்டது. பொலிசி ஆங்கிலத்தில் 34 பக்கம். தமிழ்த் தாளில் கிடைப்பது எல்லாம் இருந்தது, கிடைக்காதது ஒன்றும் இல்லை.

ஆங்கிலப் பக்கத்தை ஒழுங்காக வாசித்தது பிறகுதான், பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவை இருத்தி. 900 ரூபாயோடு கூடவே இன்னொரு பின்னிணைப்பும் வந்திருந்தது. பொதுப் பொறுப்புக் காப்பிலிருந்து தொற்றுநோய் முழுவதையும் கழற்றிவிட்டார்கள். அதாவது எங்கள் உலருணவுப் பொதி வாங்க வந்த இடத்தில் எனக்குக் கொரோனா தொற்றியது என்று யாராவது சங்கத்தின் மேல் வழக்குப் போட்டால் அது முழுக்க எங்கள் தலையில். 2020 பொலிசியில் அந்த வரி இல்லை. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்த கணக்கு, கொடுத்த கையை மட்டும் தமிழில் காட்டினார்கள். பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, இடைவெளி இல்லாமல் ஆட்களை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று 1897 ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புச் சட்டத்தில் வழக்கு எழுதினால் அந்தத் தண்டமும் எங்களுடையதுதான். சரி, தண்டத்துக்குக் காப்புறுதி கேட்பது நியாயமும் இல்லை.

ஆவணியில் எங்கள் தொண்டர் மூன்று பேருக்குத் தொற்றியது. ஒருவன் ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு எட்டு நாள், அவனுக்கு 16,000 ரூபாய் வந்தது, அதில் சிக்கல் இல்லை. மற்ற இருவரையும் அறிகுறி குறைவு என்று இடைநிலைப் பராமரிப்பு நிலையத்துக்கு ஏற்றினார்கள். பத்து நாள். தாதி இருந்தார், மருந்து இருந்தது, வெளியில் போக முடியாது, வீட்டில் உழைப்பு இல்லை. இருவரின் கோரிக்கையும் திரும்பி வந்தது. இடைநிலைப் பராமரிப்பு நிலையம் பொலிசியின் வரைவிலக்கணப்படி ஆஸ்பத்திரி இல்லையாம். ஆஸ்பத்திரி என்றால் இத்தனை கட்டில், சத்திரசிகிச்சை வசதி, பதிவு என்று ஒரு பந்தி. அந்த வரைவிலக்கணத்தை எழுதினவர் எந்தக் காலத்தில் எழுதினாரோ தெரியாது, ஆனால் 2021 பெப்ரவரியில் கொவிட்டுக்கென்றே விற்ற மேலதிகத்துக்கு அதைத் தூக்கி ஒட்டும்போது, நோயாளிகளை அந்த வருடம் எங்கே வைத்திருந்தார்கள் என்று ஊரில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். முகவரிடம் கேட்டேன். "நான் விற்கேக்க எனக்கும் தெரியாது அண்ணன்" என்றான். நம்பினேன். அவன் முகம் அப்படி இருந்தது.

ஏறாவூரில் ஜனாஸா, அதாவது முஸ்லிம்களின் பிரேத அடக்கத்துக்கு உதவும் நலன்புரிச் சங்கம் ஒன்றில் இருக்கும் கூட்டாளி ஒருவரிடம் இதைச் சொல்லி ஆறுதல் தேடப்போனேன். 2021 மார்ச்சிலிருந்து நாட்டின் கொவிட் ஜனாஸாக்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு வரத் தொடங்கிய காலம், அவர்களின் பெடியன்கள் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு அங்கே குழிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். உங்களுக்கு என்ன காப்புறுதி என்று கேட்டேன். சிரித்தார். "அல்லாஹ்ட காப்புறுதிதான் மச்சான்" என்றார். எங்கள் 34 பக்கத்தைப் பற்றிப் பிறகு நான் அவரிடம் ஒன்றும் பேசவில்லை.

இவ்வளவும் எழுதி நிறுவனத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டு முடித்திருப்பேன், அந்த ஆவணி புரட்டாசியில் எங்கள் சொந்தச் சங்கத்துக்கு நடந்தது நடக்காமல் இருந்திருந்தால்.

மரண உதவிச் சங்கம் என்பதே ஒரு காப்புறுதிதான். மாதம் 100 ரூபாய் பிரிமியம், 25,000 ரூபாய் நட்டஈடு, முகவர் இல்லை, வரைவிலக்கணம் இல்லை. வருடத்துக்கு எட்டு ஒன்பது மரணம் நடக்கும், வரவு இரண்டரை இலட்சம், செலவு இரண்டேகால் இலட்சம். என் அப்பா காலத்திலிருந்து இந்தக் கணக்கு பிழைத்ததில்லை. 2021 ஓகஸ்ட் 20 இல் நாடு மூடி ஒக்டோபர் 1 இல் திறக்கிறதற்குள் எங்கள் ஊரில் பதினொரு மரணம், அதில் ஏழு கொரோனா. வங்கியில் இருந்தது 1,86,000 ரூபாய்தான், ஏனென்றால் தொழில் இல்லாத வீடுகளிடம் ஒன்றரை வருடமாகச் சந்தா கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொடுக்கவேண்டியது 2,75,000.

மண்டப முற்றத்தில் ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளிக் கதிரை போட்டுக் கூட்டம் வைத்தோம். ஒருவர் சொன்னார், கொரோனா மரணத்துக்குப் பிரேதம் வீட்டுக்கு வருவதில்லை, பந்தல் இல்லை, கோப்பி இல்லை, சனம் இல்லை, அந்த வீட்டுக்குச் செலவும் இல்லை, ஆகவே பாதி கொடுத்தால் போதும். இன்னொருவர், சந்தா நிலுவை உள்ள வீட்டுக்கு ஒன்றும் இல்லை என்றார். மூன்றாமவர் இன்னும் ஒரு படி மேலே போய், யாப்பிலேயே ஒரு வரி சேர்ப்போம், தொற்றுநோய்க்கு இந்த நிதி பொருந்தாது என்று. நான் குறிப்புக் கொப்பியில் அதை எழுதிக்கொண்டு வந்து பாதியில் பேனையை நிறுத்தினேன். அந்த வரியை நான் ஏற்கெனவே எங்கோ வாசித்திருந்தேன், ஆங்கிலத்தில்.

முன் வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர், அந்த மாதம் புருஷனைப் பறிகொடுத்தவர், எழும்பாமலே சொன்னார்: "பந்தல் போடல்லதான் மனே. அதால அழுகை குறைஞ்ச எண்டு நினைச்சியா?" யாரும் பேசவில்லை. செலவு இல்லை என்று சொன்னவரும் கீழே பார்த்துக்கொண்டு இருந்தார். பாதிக்கணக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் கண்ணீரில் காசு வராதே. முதலில் எல்லா வீட்டுக்கும் 15,000, மிச்சம் 10,000 பிறகு என்று முடிவெடுத்தோம். கட்டக்கூடிய வீடுகளிடம் 500 ரூபாய் விசேட சந்தா வாங்கியும் போதவில்லை. கடைசியில் சுவிசில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து அனுப்பித்தான் பதினொரு வீட்டுக்கும் தீபாவளிக்கு முதல் முழுக்காசும் கொடுத்து முடித்தோம்.

அதிபர் ஐயாதான் சிரித்துக்கொண்டு சொன்னார், எங்கள் மறுகாப்புறுதியும் சுவிசில்தான் இருக்கிறது என்று. எனக்கு விளங்கவில்லை. பிறகு விளக்கினார். காப்புறுதி நிறுவனமும் தனக்கு மேலே இன்னொரு நிறுவனத்திடம் காப்புறுதி எடுக்கும், பெரிய இழப்பு வந்தால் அவர்கள் சுமப்பார்கள், சூரிச்சில் உள்ள சுவிஸ் ரீ, ஜேர்மனியில் மியூனிச் ரீ போன்றவை அப்படிப்பட்டவை. ஒரு ஊரில் வெள்ளம் வந்தால் மற்ற ஊர்களின் கட்டுப்பணத்தில் அதைச் சமாளிக்கலாம், எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வந்தால் யாருடைய கட்டுப்பணத்தில் யாரைச் சமாளிப்பது? அதனால் 2020 இலேயே லண்டன் சந்தையில் தொற்றுநோய் விலக்கு வாசகங்களை எழுதி வெளியிட்டார்கள், மேலே உள்ளவர்கள் அதைப் போடச் சொல்ல, கீழே உள்ளவர்கள் போட்டார்கள். அது இறங்கி இறங்கி எங்கள் மண்டபத்துப் பொலிசியின் பின்னிணைப்பு வரை வந்திருக்கிறது. எங்கள் சுவிஸ் பிள்ளைகள் அப்படி ஒரு வரி எழுதி அனுப்பவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அவர்களும் ஒவ்வொரு வருடமும் அனுப்புவார்களா என்பது வேறு கதை.

இப்போது முதலில் சொன்ன பயங்கரவாதக் காப்புக்கு வருகிறேன். கலவரத்தையும் குண்டையும் தனியார் தனியே சுமக்க மாட்டார்கள் என்று அரசே ஒரு நிதியத்தை வைத்து நடத்துகிறது, நாங்களும் சில நூறு ரூபாய் கட்டி அதில் சேருகிறோம். தொற்றுநோய்க்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் சொன்னால் பொருளாதாரம் கிடக்கிற கிடையில் இவனுக்கு வேறு வேலை இல்லை என்பீர்கள். சொல்லிவிட்டேன்.

நிறுவனத்துக்கு ஐந்துக்கு இரண்டரை. மணிக்கட்டுக்கு வேகமாகக் காசு கொடுத்ததற்கும் ஊரடங்கில் மூலப் பிரதி கேட்டு அலைக்கழிக்காததற்கும் இரண்டு. மண்டபக் கடிதத்தை வாதாடாமல் ஏற்றதற்கு அரை. தொற்றுநோயை விலக்கினதற்காக நான் புள்ளி குறைக்கவில்லை, அந்த வரியை நாங்களே எழுதப் பார்த்தவர்கள். குறைத்தது அதைத் தமிழில் சொல்லாமல் விட்டதற்கும், ஆஸ்பத்திரி என்ற சொல்லை வைத்து விற்ற விற்பனைக்கும்.

உங்கள் ஊரிலும் விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று எதற்காவது இப்படி ஒரு பொதி எடுக்கப் போனால் விபத்துக் காப்பைக் கட்டாயம் எடுங்கள், அதுதான் காசுக்குப் பெறுமதி. தொண்டர் பட்டியலைப் பெயரோடும் அடையாள அட்டை இலக்கத்தோடும் கொடுத்து, ஆள் மாறினால் அன்றைக்கே அறிவியுங்கள். எந்த அனர்த்தத்தில் வெளியில் போனாலும் பிரதேச செயலகத்தின் அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள். புதுப்பிக்கிற நேரம் போன வருடப் பொலிசியையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புதிதாக வந்த ஒவ்வொரு பின்னிணைப்பையும் விரலால் தொட்டு இது எதை எடுக்கிறது என்று முகவரிடம் கேளுங்கள். கட்டுப்பணம் ஏறவில்லையே என்று சந்தோஷப்படாதீர்கள், அந்த வருடம் எங்களுக்கும் ஏறவில்லை. முகவர் வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள், உங்கள் ஊர்ப் பெடியனாக இருந்தாலும், ஊர்ப் பெடியனாக இருந்தால் முக்கியமாக.

இந்த வருடப் புதுப்பிப்புக்கு நான் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். தமிழில், ஒரே கேள்வி: அரசாங்கம் நோயாளிகளைப் பாடசாலையிலோ மண்டபத்திலோ வைத்துப் பராமரித்தால் உங்கள் பொலிசிக்கு அது ஆஸ்பத்திரியா இல்லையா, ஆம் அல்லது இல்லை என்று தமிழில் எழுதித் தரவும். "மேல கேட்டுச் சொல்றன் அண்ணன்" என்று கொண்டுபோனான். மூன்று கிழமை ஆகிறது. நேற்று அவனுடைய அம்மா மட்டும் வந்து இரண்டு மாதச் சந்தா கட்டிவிட்டுப் போனார்.